ரேடியோவுக்குச் சொன்னது

பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் ஒரு வேப்பங்கம்பம் நட்டு, அதன் உச்சியில் லவுட் ஸ்பீக்கரைக் கட்டியிருந்தார்கள். அந்தச் சாயங்காலம் அதன் கீழே ஊரே வந்து உட்கார்ந்திருந்தது. வெயில் இறங்கிவிட்டாலும் தரையில் சூடு அடங்கவில்லை. எங்கேயோ களத்தில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. காற்று இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் யாராவது ஒருவர் தும்மினார்.

நான் புதுச்சேலை கட்டியிருந்தேன். ரேடியோவில் சேலை தெரியாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் முதன்முதலாக என் குரல் ரேடியோவில் வரப்போகிற நாள். பழைய சேலையோடு உட்கார்ந்து அதைக் கேட்க எனக்கு மனசு வரவில்லை.

கம்பத்துக்கு இந்தப் பக்கம் சங்கரலிங்கம் உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் அவருடைய உடன்பிறந்த தம்பி முத்துப்பாண்டி. இருவர் குரலும் என் குரலோடு சேர்ந்து அன்றைக்கு வர வேண்டும். ஆனால் அண்ணனும் தம்பியும் ஒருவரோடு ஒருவர் பேசிப் பல வருஷம் ஆகியிருந்தது. கம்பம் நடுவில் இருந்ததால் முகம் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லாமல் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார்கள்.

பஞ்சாயத்துத் தலைவர் ரேடியோப் பெட்டியைத் திறந்து திருகினார். கொரகொரவென்று கொஞ்ச நேரம் இரைந்தது. பிறகு உழவர் நிகழ்ச்சியின் இசை வந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அதற்கப்புறம் அந்த ஸ்பீக்கரில் இருந்து என்ன வந்தது என்று சொல்வதற்கு முன்னால் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

என் தொண்டை

எனக்குச் சொந்த ஊர் அருப்புக்கோட்டை. வீட்டில் தெலுங்கு, தெருமுனை தாண்டினால் தமிழ். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறி ஓடும். அந்தச் சத்தத்தை மீறிப் பேச வேண்டுமென்றால் கத்தித்தான் பேச வேண்டும். அப்படியே வளர்ந்ததால் எனக்குத் தொண்டை பெரிசு. பள்ளிக்கூடத்தில் என்னை மெதுவாகப் பேசச் சொல்லிச் சொல்லியே டீச்சர்களுக்கு அலுத்துப்போனது.

கிராம சேவிகா வேலைக்கு உத்தரவு வந்தபோது, இவள் தொண்டைக்குச் சர்க்காரே சம்பளம் கொடுக்கப் போகிறது என்று நாயனா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அப்பாவை நாங்கள் நாயனா என்றுதான் கூப்பிடுவோம்.

திருச்சுழி போய் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து, அதிலிருந்தும் இறங்கி நடந்து போக வேண்டிய ஊரில் எனக்கு வேலை. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். வாராவாரம் நான் எழுதும் இந்தத் தொடரில் ஓர் ஊரின் பெயரைப் போட்டுவிட்டு, அந்த ஊர்க்காரர்களிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது போதும். அண்ணன் தம்பி பெயர்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன். அந்த ஊர்க்காரர்கள் படித்தால் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

என் வேலை பெண்களோடு. காய்கறித் தோட்டம், கைக்குழந்தைக்குச் சாப்பாடு, புகையில்லா அடுப்பு. அந்த அடுப்பு பட்ட பாட்டைத்தான் போன வாரம் எழுதினேன். ஆண்களுக்கான ரேடியோ உழவர் சங்கத்தைக் கிராம சேவக் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மாற்றல் வந்தது. வேறு ஆள் வரவில்லை. நீங்களே பார்த்துக்கோங்கம்மா என்று அதிகாரி போகிற போக்கில் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார். இப்படித்தான் மீசை நரைத்த சம்சாரிகள், அதாவது விவசாயிகள், கூடும் ஒரு சங்கத்துக்கு, முழங்கைவரை வளையல் போட்ட நான் அமைப்பாளர் ஆனேன்.

தலைவர் இடுப்பில் ஒரு சாவி

இன்றைக்கு டிவியைத் திருப்பினால் பச்சைத் துண்டு போட்ட ஒருவர் தோட்டத்தில் நின்று பேசிக்கொண்டிருக்கிறார். பேத்தி அதை மாற்றிவிட்டு வேறு எதையோ வைக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரும். அந்தக் காலத்தில் நான் வேலை பார்த்த ஊரில் ரேடியோவில் வரும் அந்த மாதிரி அரைமணி நேரப் பேச்சுக்காக மாட்டை அவசரமாகக் கட்டிவிட்டு ஓடி வருவார்கள்.

ரேடியோப் பெட்டி பஞ்சாயத்துச் சொத்து. அதற்கு ஒரு பூட்டு. சாவி பஞ்சாயத்துத் தலைவருடைய அரைஞாண் கயிற்றில் தொங்கும். ஒருநாள் அவர் சாவியோடு காரியாபட்டி சந்தைக்குப் போய், கடைசி பஸ்ஸைப் பிடித்துத் திரும்பினார். அன்றைக்கு ஊர் ரேடியோ கேட்கவில்லை. அதற்காக அவரை ஒரு மாசம் ஏசினார்கள். அடுத்த தேர்தலிலும் அந்தப் பேச்சு வந்தது.

நிகழ்ச்சி முடிந்ததும் சங்கத்தார் கலந்து பேச வேண்டும் என்பது ஏற்பாடு. சந்தேகம் இருந்தால் நான் எழுதி ரேடியோ நிலையத்துக்கு அனுப்புவேன். பதில் ஊர்ப் பெயரோடு வந்தால் அன்றைக்குத் திருவிழாதான். ஆனால் பாதி நாள் கலந்து பேசுவது என்பது ரேடியோவை ஏசுவதாகவே இருக்கும். அது ஆற்றுப்பாசன ஊர்க்காரர்களை மனசில் வைத்துக்கொண்டு, வயலில் தண்ணீரைக் கட்டி நிறுத்துங்கள் என்று சொல்லும். இங்கே கரிசல் மண் வெடித்து, மாட்டுக் குளம்பு மாட்டிக்கொள்கிற அளவுக்கு வாய் பிளந்து கிடக்கும்.

முத்துப்பாண்டிதான் முதலில் சொன்னார், திருச்சுழின்னு ஒரு ஊரு இருக்குறதை அவுகளுக்கு யாராச்சும் சொல்லுங்கப்பா என்று. சரி, நானே சொல்கிறேன் என்று உட்கார்ந்து எழுதினேன். கூட்டுக்கிணற்றில் தண்ணீர் குறைந்தால் மிளகாய்த் தோட்டத்தை எப்படிக் காப்பாற்றுவது? இதுதான் கேள்வி. நல்ல விஷயம், நாங்களே வந்து உங்கள் ஊர் விவசாயிகள் பேசுவதைப் பதிவு செய்துகொள்கிறோம் என்று அங்கிருந்து பதில் வந்தது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. ஊரில் கூட்டுக்கிணறு என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். அது அந்த அண்ணன் தம்பி கிணறு.

இரண்டு கமலை

அந்தக் கிணற்றுக்கு இரண்டு கமலை. எதிரெதிர்க் கரையில் மாடு பூட்டி இறைப்பார்கள். மகன்கள் இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்ட காலத்தில் அவர்கள் அப்பா வெட்டிய கிணறு அது. அண்ணன் கமலையின் உருளை முனகுகிற மாதிரி ஒரு தடித்த சத்தம் போடும். தம்பியுடையது கீச்சென்று கத்தும். நான் குடியிருந்த வீடு தோட்டத்தை ஒட்டி இருந்ததால் படுத்தபடியே எந்த மாடு இழுக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

சண்டைக்குக் காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். முத்துப்பாண்டி தன் மகளுக்குக் காது குத்தினார். ஊருக்கெல்லாம் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தவர், அண்ணன் வீட்டுக்கு வைக்கவில்லை. சொந்த அண்ணனுக்கு என்ன அழைப்பு, முன்னால் நின்று நடத்த வேண்டியவரே அவர்தானே என்று தம்பி நினைத்தார். ஊருக்கெல்லாம் வெற்றிலை வைத்தவனுக்கு என் வீட்டு வாசல் தெரியவில்லையா என்று அண்ணன் நினைத்தார். விசேஷத்துக்குப் போகவில்லை. அதோடு பேச்சு நின்றது. யோசித்துப் பார்த்தால் இருவர் சொல்வதும் நியாயம்தான். தொல்லையே அதுதான்.

பேச்சு வார்த்தை இல்லை என்றால் அந்தப் பக்கத்தில் ஒரு முறை உண்டு. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவார்கள், ஆளிடம் சொல்ல மாட்டார்கள். மாட்டிடம் சொல்வார்கள், சுவரிடம் சொல்வார்கள். நடுவில் ஒரு மனுஷர் கிடைத்தால் இன்னும் நல்லது.

நான் புதிதாகப் போன சமயம், சங்கரலிங்கம் தன் செவலை மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு, தெக்கு வரப்பு ஒடஞ்சு கெடக்கு, பாக்கச் சொல்லு என்றார். அக்கரையில் முத்துப்பாண்டி தன் மாட்டிடம், பாத்தாச்சுன்னு சொல்லு என்றார். மாட்டின் மேல் எவ்வளவு பாசம் பார் என்று நான் உருகிப் போனேன். விஷயம் தெரிந்ததும் எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை.

எனக்கு விஷயத்தைச் சொன்னது சங்கரலிங்கத்தின் மனைவி இருளாயி. வேலிக்கு மேலே ஒரு கிண்ணம் குழம்பைக் கொழுந்தன் பெண்டாட்டியிடம் நீட்டிக்கொண்டே சொன்னாள். நீங்கள் மட்டும் பேசிக்கொள்கிறீர்களே என்று கேட்டேன்.

"பேசாம இருக்குறது ஆம்பளைக. கொழம்பு என்னத்தச் செஞ்சுச்சு?" என்றாள்.

வாடிய செடி

அந்த வருஷம் கண்மாய் பெருகவில்லை. கிணற்றில் ஊற்று கீழே இறங்கிவிட்டது. இரவெல்லாம் ஊறினால் விடியற்காலையில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அதைத் தம்பி இறைத்துவிடுவான் என்று அண்ணனும், அண்ணன் இறைத்துவிடுவார் என்று தம்பியும், கோழி கூவும் முன்னால் மாட்டைப் பூட்டினார்கள். இரண்டு கமலையும் ஒன்றாக ஓடும். கொஞ்ச நேரத்தில் சேறு கலங்கி வரும். இரண்டு தோட்டத்திலும் பாதிப் பாத்திகூட நனைந்திருக்காது.

மிளகாய் பூத்துக் காய்க்கிற பருவம். பூ உதிர்ந்தது. காய் சுருண்டது. இப்படியே போனால் இந்த வருஷம் வற்றலே கிடையாது, கஞ்சிக்கும் வழி கிடையாது என்று இருளாயி என் வீட்டில் வந்து உட்கார்ந்து அழுதாள். ஒருவர் காலையிலும், ஊற விட்டு மற்றவர் சாயங்காலமும் இறைத்தால் இரண்டு தோட்டமும் பிழைக்கும். இது ஊருக்கே தெரியும். அண்ணன் தம்பிக்கும் தெரியும். ஆனால் முதலில் வாயைத் திறப்பவன் இறங்கி வந்தவன் ஆகிவிடுவானே. அதனால் இருவரும் வாயைக் கட்டிக்கொண்டு செடியைச் சாக விட்டார்கள்.

ரேடியோவுக்காகவாவது இவர்களை ஓரிடத்தில் உட்கார வைத்துவிடுவது என்று நான் கங்கணம் கட்டிக்கொண்டேன். பெரியவுக பேசினால்தான் எடுபடும் என்று அண்ணனிடம் சொன்னேன். கேள்வி கேட்கச் சொன்னதே நீங்கள்தான், இப்போது ஒளிந்துகொள்ளலாமா என்று தம்பியிடம் சொன்னேன். இருவரும் ஒப்புக்கொண்டார்கள். இருவரும் ஒரே நிபந்தனை வைத்தார்கள். ஒங்ககிட்டத்தான் பேசுவேன் தாயி, வேற ஆள்கிட்டப் பேச மாட்டேன்.

மைக் முன்னால்

ரேடியோவிலிருந்து வந்தவர் கண்ணாடி போட்ட இளைஞர். தோல்பையில் டேப் ரிக்கார்டர். தூக்கி வந்த தோள் ஒரு பக்கம் சாய்ந்தே இருந்தது. பள்ளிக்கூட ஸ்டூலில் துண்டை விரித்து மைக்கை வைத்தார். சத்தம் கூடாது என்றார். கோழியைத் துரத்தினார்கள், பிள்ளைகளைக் கண்மாய்க்கரைக்கு ஓட்டினார்கள். தலைவர் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு காக்கையை அதட்டப் போய், அவர் அதட்டிய சத்தமே பதிவாகிவிட்டது.

அண்ணன் தம்பி விஷயத்தை அந்த இளைஞரிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். வீட்டுச் சண்டையை வெளியூர் ஆளிடம் சொன்னால் இருவரும் எழுந்து போய்விடுவார்கள். சொல்லவில்லை.

சங்கரலிங்கம் என்னைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்.

"கேளுங்க தாயி. ஊத்து ஊற நேரம் வேணும்ல? ரெண்டு பேரும் ஒரே நேரத்துல எறச்சா மொளகா என்னத்துக்கு ஆகும்?"

நான் தம்பி பக்கம் திரும்பினேன். பெரியவுக இப்படிக் கேக்குறாக என்று ஆரம்பித்து, ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொன்னேன். ரேடியோ என்பதால் கொஞ்சம் ராகம் போட்டே சொன்னேன்.

முத்துப்பாண்டி மைக்கைப் பார்த்தார். "சொல்லுங்க தாயி. எனக்கு மட்டும் அப்பிடி எறைக்க ஆசையா? காலையில ஒருத்தரு, சாயந்தரம் ஒருத்தருன்னா நான் வேண்டாங்கல."

சின்னவுக இப்படிச் சொல்றாக என்று அதை இந்தப் பக்கம் சொன்னேன். ரேடியோக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் கண்டுகொள்ளவில்லை.

"கேளுங்க. காலைத் தண்ணி யாருக்கு?" என்றார் அண்ணன்.

காலைத் தண்ணீர்தான் அதிகம். இரவு முழுக்க ஊறியது. முத்துப்பாண்டி பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டார். டேப் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"சொல்லுங்க தாயி. மூத்தவுகளுக்கு. அவுக செடிதான் ரொம்ப வாடிக் கெடக்கு. எனக்குச் சாயந்தரம் போதும்."

இதை நான் திருப்பிச் சொன்னபோது என் பெரிய தொண்டை எங்கோ போய்விட்டது. சங்கரலிங்கம் துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்தார். பிறகு சொன்னார்.

"சொல்லுங்க தாயி. ஒருத்தருக்கே காலைத் தண்ணின்னா நாயமில்ல. வாரத்துக்கு ஒருக்கா மாத்திக்கிருவோம்."

மெஷினை நிறுத்தியதும் நான் வெற்றி வீராங்கனை மாதிரி எழுந்து நின்றேன். அப்ப நாளைக்குக் காலையில பெரியவுக மட்டும் எறைப்பாக, அப்படித்தானே என்று தம்பியைக் கேட்டேன்.

"அது ரேடியோவுக்குச் சொன்னது தாயி. அவுகளுக்குச் சொல்லல" என்றார் அவர். அண்ணனும் அதற்குத் தலையாட்டினார். பல வருஷம் கழித்து இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

மறுநாள் விடியலில் இரண்டு உருளையும் சேர்ந்தே கத்தின. எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுப்பில் இருந்த பாலைப் பொங்க விட்டேன்.

கம்பத்தின் இரண்டு பக்கமும்

ஆனாலும் ரேடியோவில் பேசியவள் பேசியவள்தானே. இன்ன நாள் நிகழ்ச்சி என்று நாயனாவுக்குச் சொல்லி அனுப்பினேன். புதுச்சேலையைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். இங்கேதான் இந்த வாரக் கதையை ஆரம்பித்தேன்.

இசை முடிந்தது. திருச்சுழி வட்டாரத்தில் ஒரு கிராமம் என்று சொல்லி, ஊர்ப் பெயரையும் சொன்னார்கள். கூட்டம் ஒரு முறை அசைந்து அடங்கியது. மேலே ஸ்பீக்கரில் சங்கரலிங்கம் பேசினார்.

"ஊத்து ஊற நேரம் வேணும்ல? ரெண்டு பேரும் ஒரே நேரத்துல எறச்சா மொளகா என்னத்துக்கு ஆகும்?"

இதோ அடுத்தது நான். தலைமுடியை ஒதுக்கிக்கொண்டேன்.

"எனக்கு மட்டும் அப்பிடி எறைக்க ஆசையா? காலையில ஒருத்தரு, சாயந்தரம் ஒருத்தருன்னா நான் வேண்டாங்கல."

முத்துப்பாண்டி. என்னைக் காணோம். பேட்டரி ஏதாவது மக்கர் செய்கிறதோ என்று தலைவரைப் பார்த்தேன். அவர் வாயைத் திறந்தபடி ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலைத் தண்ணி யாருக்கு?"

அந்த இடைவெளி அப்படியே வந்தது. டேப் சுற்றுகிற சத்தம்கூட வந்தது.

"மூத்தவுகளுக்கு. அவுக செடிதான் ரொம்ப வாடிக் கெடக்கு. எனக்குச் சாயந்தரம் போதும்."

எனக்கு முகம் எரிந்தது. அழுகையே வந்துவிட்டது. என் குரலை எடுத்துவிட்டார்களே, நாயனா தெருவையே கூட்டி வைத்திருப்பாரே என்றுதான் முதலில் தோன்றியது. சொல்வதற்கு என்ன வெட்கம். பிறகு நிமிர்ந்து பார்த்தேன். என்னை யாரும் பார்க்கவில்லை. ஊர் மொத்தமும் கம்பத்தின் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது. இருளாயி முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, நான் இல்லாததால் அண்ணனும் தம்பியும் நேருக்கு நேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

"ஒருத்தருக்கே காலைத் தண்ணின்னா நாயமில்ல. வாரத்துக்கு ஒருக்கா மாத்திக்கிருவோம்."

அவ்வளவுதான். நன்றி சொன்னார்கள். அடுத்து அங்காடி நிலவரம் வந்தது. நிலக்கடலை என்ன விலை என்று யார் காதிலும் விழவில்லை.

 நான்தான் சூழ்ச்சி செய்து இப்படிப் போடச் சொன்னேன் என்று இருவரும் நினைத்தால்? இனிமேல் மாட்டிடம்கூடச் சொல்லாமல் நிறுத்திவிட்டால்? செடி என்ன ஆவது?

சங்கரலிங்கம் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். பழக்கம் போல என் பக்கம் திரும்பி, கேளுங்க தாயி என்று ஆரம்பித்தார்.

"இனிமே தாயி என்னத்துக்கு? ஊரு பூராம் கேட்டுருச்சு. ரெண்டு பேரும் பேசிட்டீக" என்றார் தலைவர்.

சங்கரலிங்கம் அப்படியே நின்றார். யாரு மொதல்ல பேசுனது என்று மெதுவாகக் கேட்டார். அவருக்கு அதுதான் முக்கியம். அந்த ஊரில் யாருக்குமே அதுதான் முக்கியம்.

"ரேடியோதான் மொதல்ல பேசுச்சு" என்றார் தலைவர்.

யாரோ சிரித்தார்கள். சங்கரலிங்கம் சிரிக்கவில்லை. கம்பத்தைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். தம்பிக்கு எதிரே நின்றார்.

"ஏலே பாண்டி. நாளைக்குக் காலையில நான் எறைக்கட்டுமா?"

முத்துப்பாண்டி அவசரமாக எழுந்ததில் தோளில் கிடந்த துண்டு கீழே விழுந்தது.

"அதான் சொன்னேன்லண்ணே" என்றார்.

கத்தரிக்கோல்

அடுத்த தடவை வேறொரு நிகழ்ச்சிக்காக அந்த ரேடியோக்காரர் எங்கள் பக்கம் வந்தபோது, நான் அவரைச் சும்மா விடவில்லை. என் குரல் எங்கே என்று நடுத்தெருவில் நிறுத்திக் கேட்டேன்.  எல்லாவற்றையும் நீங்கள் இரண்டு தடவை சொல்கிறீர்கள், நேரம் பத்தவில்லை என்றார். உங்களுக்குப் பேச ரொம்பப் பிடிக்கும் போல என்று நினைத்துக்கொண்டாராம். டேப்பைக் கத்தரிக்கோலால் வெட்டி, என்னை எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒட்டிவிட்டார். ஒருத்தர் பேசி முடித்த இடத்தில் அடுத்தவர் ஆரம்பிக்கிற மாதிரி வெட்ட ஒரு ராத்திரி ஆனது என்று பெருமையும் பட்டுக்கொண்டார்.

அண்ணன் தம்பி பேச்சில்லாமல் இருந்தவர்கள் என்பதே அவருக்குத் தெரியாது. நான் சொன்னதும் பக்கத்திலிருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டார். வெட்டிய துண்டுகள் இருக்கின்றனவா என்று கேட்டேன். குப்பைக் கூடையில் போட்டதாகச் சொன்னார்.

நாயனா சமாசாரம் அதைவிடக் கொடுமை. என் குரல் கேட்க வேண்டும் என்று தெருவிலே அந்த அரைமணி நேரம் தறியை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். கூலிக்கு நெய்கிறவர்கள் தறியை நிறுத்துவது சாதாரணக் காரியம் இல்லை. ஊருக்குப் போனதும் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். நீ எங்கே பேசினாய் என்றார். அந்த ரெண்டு பேருக்கும் நடுவிலே பேசினேன் நாயனா, எடுத்துவிட்டார்கள் என்று நடந்ததையெல்லாம் சொன்னேன்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில், அந்தத் தம்பிக்காரன் நல்லாப் பேசினான் என்று சொல்லிவிட்டுத் தறிக்குப் போய்விட்டார்.

ஒரு விடியல்

இதெல்லாம் பின்னால் நடந்தது. நிகழ்ச்சி முடிந்த மறுநாள் விடியலில் எனக்கு இது எதுவும் தெரியாது. குரல் போன துக்கத்தில் சரியாகத் தூங்காமல் படுத்திருந்தேன்.

கோழி கூவும் முன்னால் அண்ணன் கமலை ஆரம்பித்தது. தடித்த சத்தம், ஏறி இறங்கி வந்தது. நான் அடுத்த சத்தத்துக்காகக் காதைக் கொடுத்துக்கொண்டு கிடந்தேன். தண்ணீர் மொள்ளும் கூனை மேலே வந்து வாய்க்காலில் கொட்டுகிறது கேட்டது. மாட்டை அதட்டுகிறது கேட்டது. கீச்சென்ற அந்தச் சத்தம் மட்டும் வரவில்லை. பொழுது விடிந்தது. சேறு கலங்கவில்லை, அண்ணன் கடைசிப் பாத்திவரை பாய்ச்சிவிட்டுத்தான் மாட்டை அவிழ்த்தார்.

அன்றைக்கு நான் எங்கேயும் வேலைக்குப் போகவில்லை. பகலெல்லாம் வீட்டுக்கும் வாசலுக்குமாக நடந்தேன். பொழுது சாய்கிற நேரம், சாணி கரைத்துக்கொண்டிருந்தபோது, கிணற்றுப் பக்கமிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. கையைக் கழுவாமல் வேலிக்கு ஓடினேன்.

அக்கரையில் முத்துப்பாண்டி மாட்டை ஓட்டிக்கொண்டிருந்தார். இக்கரையில் சங்கரலிங்கம் சும்மாதான் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். உருளைச் சத்தத்தில் எனக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. நான் போய்த் திருப்பிச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு, இருட்டுகிறவரை அங்கேயே நின்றேன்.